ஊகம் களையன்று, உரமே

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அன்பர்களே, தலைப்பைக் கேட்டதும் "கம்பனைப் பேசிய ஊரில் கணினி விளையாட்டா?" என்று புருவத்தை உயர்த்தினாலும் எழுந்து போய்விடாமல் அமர்ந்திருக்கும் காரைக்குடிப் பெரியோர்களே, வணக்கம்.

மாயாஜாலக் கதை சொல்லும் வீடியோ கேம்களில், பிறப்பும் குலமும் சொல்லாமல் விடப்பட்ட பாத்திரங்களுக்கு ரசிகர்கள் கட்டும் ஊகங்கள் கதைக்கு உரமா, களையா என்பது இன்றைய வழக்கு. களையே என்று எனக்கு முன் வாதாடிய நண்பர் மூன்று குற்றங்களைச் சாட்டினார். ஆசிரியர் வேண்டுமென்றே காத்த மௌனத்தை ரசிகர்கள் கலைக்கிறார்கள் என்றார். பெரும்பாலான ஊகங்கள் பொய்த்துப் போவதால் அவற்றுக்குச் செலவிட்ட காலமெல்லாம் வீண் என்றார். ஊகத்தை யூடியூபில் கேட்டுவிட்டு விளையாட்டைத் தொடாமலே விடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள் என்றார். மூன்றாவது குற்றத்துக்கு நான் விடை சொல்லப் போவதில்லை. மதிப்புரையை மட்டும் படித்துவிட்டு நூலைப் படித்ததாகச் சொல்பவர்கள் அச்சு வந்த நாள் முதல் இருக்கிறார்கள்; அவர்களுக்கு நூலும் பொறுப்பன்று, மதிப்புரையும் பொறுப்பன்று. முதல் இரண்டும் விடை சொல்லத் தகுந்தவை.

மௌனம் என்று நண்பர் எதைச் சொல்கிறார் என்பதை, இவ்விளையாட்டுகளை அறியாத பெரியவர்களுக்காகச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. ஜப்பானிய நிறுவனமான ஃப்ரம்சாஃப்ட்வேர் 2011-இல் வெளியிட்ட டார்க் சோல்ஸை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் வரும் ஒரு சிறு முன்னுரையைத் தவிர, அங்கே கதையை வரிசையாக எடுத்துச் சொல்ல யாரும் வருவதில்லை. இடிந்த கோட்டையில் நடக்கிறோம். ஒரு மோதிரம் கிடைக்கிறது, ஒரு வாள் கிடைக்கிறது. கிடைத்த பொருளைத் திறந்து பார்த்தால் அதைப் பற்றி இரண்டு மூன்று வரிகள் எழுதியிருக்கின்றன. அந்தப் பொருட்குறிப்புகளையும், சுவரில் நிற்கும் சிலைகளையும், இறந்துகிடப்பவர் எந்தத் திசை நோக்கிக் கிடக்கிறார் என்பதையும் சேர்த்து வைத்துத்தான் அங்கே யார் யாருக்கு மகன் என்று நாம் கண்டுகொள்ள வேண்டும். இதை இயக்கிய ஹிடெடாகா மியாசாகி, சிறுவயதில் தன் வாசிப்புக்கு எட்டாத நூல்களை எடுத்துவந்து, புரியாத பகுதிகளைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொண்டே படித்ததாகவும், அந்த அனுபவத்திலிருந்தே தன் கதை சொல்லும் முறை பிறந்ததாகவும் நேர்காணல்களில் கூறியிருக்கிறார். ஆகவே எதிரணி நண்பர் காவல் காக்க நினைக்கும் மௌனம், பூட்டிவைத்த அறையன்று. நிரப்புவதற்கென்றே ஆசிரியர் விட்டுவைத்த இடம்.

இந்தச் சீமையில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய கலையும் அன்று. புதியவர் ஒருவர் வாசலேறி வந்தால் எந்த ஊர், எந்தக் கோயில், யார் வீடு என்று கேட்டு முடிக்கும் வரை காபியை ஆற்றிக்கொண்டிருக்கும் ஊர் இது. எங்கள் வீட்டு வளவைச் சுற்றி முன்னோர் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. நடுவில் ஓரிடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது. ஆணிக்குக் கீழே, ஒரு படத்தின் அளவுக்குச் சுவர் வெளுத்திருக்கிறது. அது யார் படம் என்று அப்பத்தாவிடம் கேட்டால் "போய் விளையாடுங்கள்" என்பதே விடையாக வரும். கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, பர்மாவுக்குப் போனவர், யுத்தத்தில் திரும்பாமல் போய்விட்டார் என்று நாங்கள் பங்காளிப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு கதை கட்டினோம். அந்தக் கதைக்குச் சான்று தேடித்தான், யாரும் சீண்டாத சாமான் அறைக்குள் புகுந்து, ஒவ்வொரு பித்தளைப் பாத்திரத்தையும் புரட்டி, அதில் வெட்டியிருந்த விலாச எழுத்துகளைப் படித்தோம். எங்கள் குடும்பப் பெயரொன்று, எங்களுக்குத் தெரியாத முன்னெழுத்துகளோடு ஒரு குடத்தில் இருந்தது. அவர் பர்மாவுக்குப் போகவில்லை. வேறு வீட்டுக்குத் தத்துப் பிள்ளையாகக் கூட்டப்பட்டவர். எங்கள் ஊகம் தவறிவிட்டது. ஆனால் அந்தத் தவறான ஊகம் இல்லாமல், அந்தக் குடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்திருக்க ஒருவரும் இல்லை.

இப்போது எதிரணி நண்பர் ஏளனத்தோடு எடுத்துக்காட்டிய சோலேர் வழக்குக்கு வருகிறேன். டார்க் சோல்ஸின் உலகில் க்வின் என்றொரு சூரியப் பேரரசன் இருக்கிறான். அவனுடைய மூத்த மகன் அணிந்த மோதிரம் ஒன்று கிடைக்கிறது. அம்மகன் போர்த் தெய்வமாக இருந்தவன் என்றும், தன் மதியீனத்தால் தெய்வநிலை பறிக்கப்பட்டு வரலாற்றேடுகளிலிருந்தே நீக்கப்பட்டான் என்றும் அதன் குறிப்பு சொல்கிறது. பெயரைச் சொல்லவில்லை. சூரிய ஒளிப் பலிபீடத்துக்குப் போனால், அங்கிருந்த சிலை உடைந்துகிடக்கிறது. அதாவது, ஆணி இருக்கிறது, படம் இல்லை. இதே விளையாட்டில் சோலேர் என்ற வீரன் வருகிறான். சூரியனை வழிபடுகிறான், மின்னலை ஈட்டியாக எறிகிறான், தனக்கென ஒரு சூரியனைத் தேடி அலைகிறான், தன் குலத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. இவன்தான் அந்த மறைக்கப்பட்ட மகன் என்று உலகெங்கும் ரசிகர்கள் வாதாடினார்கள்.

இந்த வாதத்தை உடைத்தவர்கள் யார் என்பதை நண்பர் சொல்லாமல் விட்டுவிட்டார். ஆசிரியர் வந்து உடைக்கவில்லை. முதலில் உடைத்தவர்கள் சக ரசிகர்களே. சோலேரின் மார்புக் கவசத்தில் இருக்கும் சூரியச் சின்னம் அவனே தன் கையால் தீட்டியது, அதற்கு எந்தச் சக்தியும் இல்லை என்று அக்கவசத்தின் குறிப்பு சொல்கிறது. தெய்வத்தின் மகனுக்குத் தானே தீட்டிய சின்னம் எதற்கு என்று அவர்கள் கேட்டார்கள். பின்னர் 2016-இல் மூன்றாம் பாகம் வந்தபோது, புயல் டிராகன் மேலேறி மின்னலோடு போரிடும் பெயரற்ற மன்னன் ஒருவன் மலையுச்சியில் காத்திருந்தான். டிராகன்களை வேட்டையாடிய போர்த் தெய்வமாக இருந்தவன், பின்னர் அவற்றோடே உறவு பூண்டவன் என்று குறிப்புகள் சொல்லின. இவன் க்வினின் மகன் என்று அப்போதும் யாரும் வாய்திறந்து அறிவிக்கவில்லை. ஆனால் ஐந்தாண்டுகளாக மோதிரத்தையும் உடைந்த சிலையையும் வைத்து வழக்காடியவர்களுக்கு அவனைப் பார்த்த கணத்திலேயே விளங்கிவிட்டது. வழக்கே ஆடாதவருக்கு அவன் கடினமான இன்னோர் எதிரி, அவ்வளவுதான். நண்பர் அவர்களே, வீண் என்று நீங்கள் கணக்கெழுதிய அந்த ஐந்தாண்டுகள்தாம் அம்மலையுச்சிக் காட்சிக்குப் பொருள் கொடுத்தன.

இது அயல்நாட்டுச் சரக்கு, நம் மரபுக்கு ஒவ்வாதது என்று நினைப்பவர் இருந்தால், அவருக்காக நான் கூனியை அழைக்கிறேன். சா. கணேசனார் 1939-இல் கம்பன் கழகம் தொடங்கிய ஊரில் வேறு யாரை அழைப்பது? வான்மீகி மந்தரையை அறிமுகப்படுத்தும்போது, கைகேயியோடு தாய்வீட்டிலிருந்து வந்த பணிப்பெண், எங்கோ பிறந்தவள் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகிறார். ஒரு பேரரசின் முடியைக் கவிழ்த்தவளின் பிறப்பு, 'எங்கோ'. அந்த 'எங்கோ' என்ற சொல்லுக்கு உரையாசிரியர்கள் பொருள் தேடினார்கள். மகாபாரதத்தில் வரும் இராமகதையோ, துந்துபி என்னும் கந்தர்வப் பெண்ணே தேவகாரியத்துக்காகக் கூனியாகப் பிறந்தாள் என்று ஒரு பூர்வீகத்தையே கொடுத்துவிட்டது. பிறப்புத்தான் அப்படி என்றால், அவள் சினத்துக்கும் வேர் தேடினார்கள். சிறுவனான இராமன் உண்டை வில்லால் அவள் கூனில் அடித்தான் என்னும் செய்தி வான்மீகியில் இல்லை. நம்மாழ்வார் பாசுரத்தில் குறிப்பாக வருகிறது. கம்பனிடம் வந்து, அவள் நெஞ்சில் நெடுநாள் கிடந்து புகைந்த பகையாக மாறுகிறது. மூலத்தில் இருந்த இடைவெளிக்குள் விழுந்த அந்த மண்ணுருண்டை களையா? களை என்று எதிரணி தீர்ப்புக் கேட்டால், கம்பனின் மந்தரை சூழ்ச்சிப் படலத்தில் பாதி உயிரைப் பிடுங்கி எறிய வேண்டியிருக்கும். அந்தத் துணிவு இந்த ஊரில் அவர்களுக்கு இருக்கிறதா என்று பார்க்க நானும் ஆவலாக இருக்கிறேன்.

ஆசிரியரே மறுத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்றும் நண்பர் கேட்டார். 1999-இல் வெளிவந்த ஃபைனல் ஃபேன்டஸி எட்டாம் பாகத்தில் இரண்டு வழக்குகள் உண்டு. நாயகன் ஸ்க்வால் முதல் குறுவட்டின் முடிவில் பனியீட்டி பாய்ந்து இறந்துவிட்டான், பின்னர் நடப்பதெல்லாம் சாகும் தறுவாயில் அவன் காணும் கனவு என்பது ஒன்று. இதை இயக்குநர் யோஷினோரி கிடாசே ஒரு நேர்காணலில் மறுத்தார். ஈட்டி தோள்பக்கம்தான் பாய்ந்தது என்றார். ஆனால் சுவையான எண்ணம்தான், மறுவாக்கம் செய்ய நேர்ந்தால் மனத்தில் வைத்துக்கொள்வேன் என்றும் சேர்த்துச் சொன்னார். மறுக்கும்போதே விதையை மடியில் முடிந்துகொண்டார். மற்றொன்று, ஸ்க்வாலின் தந்தை யார் என்பது. அதே கதையில் வரும் லகுனா என்பவன்தான் தந்தை என்று விளையாட்டில் எந்தக் காட்சியும் நேராகச் சொல்வதில்லை. லகுனாவின் தோழர்கள் ஸ்க்வாலைப் பார்த்து, நல்லவேளை, தந்தையைக் கொள்ளாமல் தாயின் சாயலைக் கொண்டிருக்கிறாய் என்கிறார்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, பழைய காட்சிகளுக்குத் திரும்பிப்போய், லகுனா மணந்த ரெய்ன் என்ற பெண்ணின் மரணத்தையும் அவள் பெற்ற குழந்தை அனாதை இல்லம் சேர்ந்ததையும் இணைத்து முடிச்சிட்டவர்கள் ரசிகர்கள். ஊகத்தைக் களையென்று பிடுங்கினால், அந்தக் கதையில் மகனுக்குத் தந்தையே இல்லாமல் போகிறான்.

எல்லா ஊகமும் உரம் என்று சொல்லுமளவுக்கு நான் பேதையல்லன். 2015-இல் வந்த அண்டர்டேலில் சான்ஸ் என்ற எலும்புக்கூட்டுப் பாத்திரத்தின் பூர்வீகம் சொல்லப்படவில்லை. அவன் வேறொரு பழைய விளையாட்டின் சிறுவனே என்று ஓர் ஊகம் பெரும்புகழ் பெற்றது. சான்றுகளைத் தன் விளையாட்டுக்குள் தேடாமல் அடுத்த வீட்டுத் தோட்டத்தில் பறித்து வந்த ஊகம் அது. எதிரணிக்கு அதைத் தாராளமாக விட்டுக்கொடுக்கிறேன். தோற்கச் சம்மதிக்காத ஊகம் எனக்கும் ஆகாது.

நடுவர் அவர்கள் மணியில் கை வைத்துவிட்டார்கள். கடைசியாக எல்டன் ரிங், 2022. அதன் உலகத்தின் பழங்கதையை எழுதித் தந்தவர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். அங்கே நமக்குத் துணைவரும் மெலினா, தான் எர்ட்ட்ரீ மரத்தடியில் பிறந்ததாகவும், தன் தாய் தனக்கொரு பணி இட்டதாகவும், தன் உடல் எரிந்துபோனதாகவும் சொல்கிறாள். தாயின் பெயரைச் சொல்வதில்லை. அவளுடைய இடக்கண் எப்போதும் மூடியிருக்கிறது. விளையாட்டின் பல முடிவுகளுள், வெறித்தீயை நாம் ஏற்றுக்கொள்ளும் முடிவில் மட்டும், நம்மைத் தேடி வந்து விதித்த மரணத்தைத் தருவேன் என்று சூளுரைத்து அந்தக் கண்ணைத் திறக்கிறாள். கண் அந்திக் கருக்கலின் நிறம். மரணத்தை ஆயுதமாக ஏந்திய 'அந்திக் கண் அரசி' ஒருத்தியின் கதை வேறு குறிப்புகளில் வருகிறது; அவளே இவள் என்றார்கள். 2024-இல் வந்த விரிவாக்கமோ, அரசி மரிகாவின் மகன் மெஸ்மருக்கு, அவனைப் போலவே நெருப்பின் காட்சியைத் தாங்கிய தங்கை ஒருத்தி உண்டு என்றது, பெயரைச் சொல்லவில்லை. அந்தத் தங்கையே மெலினா என்று இன்னொரு சாரார் எழுந்தார்கள். நான் இரண்டாவது கட்சி. எனினும், தங்கை என்பதோடு வழக்கு முடிந்துவிட்டால் அந்தக் கண்ணின் நிறத்துக்குக் கணக்குக் காட்ட முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எனக்குப் பின்னே பேசவரும் எதிரணி அன்பரிடம் ஒரே கேள்வி. மெலினாவின் அந்தக் கண் ஏன் அதுவரை மூடியிருந்தது? சும்மா மூடியிருந்தது என்று அவர் சொன்னால், விளையாட்டைச் செய்தவர்களே அதை ஒப்பமாட்டார்கள். இதனால்தான் மூடியிருந்தது என்று ஒரு காரணம் சொன்னால், அவருக்காக எங்கள் அணியில் ஒரு நாற்காலி காலியாகவே வைத்திருக்கிறோம்.