ஒரே சூரியன் எல்லா ஊருக்கும் பதில் சொல்ல வேண்டும்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"தட்டைப் பூமிக் கொள்கையினரின் விளக்கங்கள் வான நிகழ்வுகளுக்குப் பொருந்துமா, பொருந்தாதா?" என்பது இன்றைய தலைப்பு. பொருந்தும் என்று பேசிய எதிரணித் தலைவர், அவர்களிடம் எல்லாவற்றுக்கும் விடை இருக்கிறது என்றார். விடை இருப்பதை நான் மறுக்கவில்லை. ஒரு விடை இன்னொரு விடையைச் சாய்த்துவிடுகிறது என்பதே என் வாதம்.

அவர்களுள் பலர் சொல்லும் உலகம் இது: வட துருவத்தை நடுவாகக் கொண்ட வட்டத் தட்டு, விளிம்பில் பனிச்சுவராக அண்டார்க்டிக்கா, மேலே ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமிடும் 51 கிலோமீட்டர் குறுக்களவுள்ள சூரியன். அந்தச் சூரியன் மறைவதே இல்லை, தொலைவுக்குப் போவதால் தாழ்ந்து தோன்றுகிறது, தண்டவாளங்கள் தொலைவில் கூடுவதாகத் தெரிவதைப் போன்றதே அது என்பது, 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சாமுவேல் ரௌபாத்தம் எழுதிய காலத்திலிருந்து சொல்லப்படும் விளக்கம்.

நடுவர் அவர்களே, இதை அவர்களுடைய எண்களைக் கொண்டே சோதிப்போம். பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில் நிலநடுக்கோட்டில் நிற்பவருக்கு மாலையாகும்போது, சூரியன் கால் வட்டம் தள்ளி, அந்தத் தட்டில் 14,000 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கும். 4,800 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள பொருள் அத்தொலைவில் அடிவானத்தைத் தொடாது; ஏறத்தாழ 19 பாகை மேலே, நீட்டிய கையின் ஒரு சாண் அளவுக்குச் சற்றொப்ப, நின்றுகொண்டிருக்கும். அதன் வட்டமும் உச்சியில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்க வேண்டும். தெரியும் திசையும் நேர் மேற்காக இராது, வடமேற்காக இருக்கும்.

உண்மையில் நாம் காண்பது என்ன? சூரியனைப் பார்ப்பதற்கென்றே செய்த வடிகட்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், நண்பகலில் இருந்த அதே அகலத்தோடு அது நேர் மேற்கில் இறங்குகிறது; முதலில் அடிவிளிம்பு அறுபடுகிறது, பிறகு பாதி, பிறகு ஒரு கீற்று; இரண்டே நிமிடங்களில் முழுவதும் மறைந்துவிடுகிறது. தொலைவால் சிறுத்துப்போகும் பொருள் எதுவும் இப்படிக் கீழிருந்து அறுபடுவதில்லை.

சந்திர கிரகணத்துக்கு, கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருள் ஒன்று காரணம் என்கிறார்கள். கிரகண நிலவும் சூரியனும் சில வேளைகளில் எதிரெதிர் அடிவானங்களில் ஒருசேரத் தெரிகின்றனவே, நடுவில் பூமி எப்படி நின்றிருக்க முடியும் என்றும் கேட்கிறார்கள். இது நியாயமான கேள்வி. ஏளனம் செய்யாமல் பதில் சொல்ல வேண்டும். அடிவானத்தருகே காற்றுமண்டலம் ஒளியை வளைத்து, இரண்டையும் ஏறத்தாழ அரைப் பாகை உயர்த்திக் காட்டுகிறது. அவற்றின் அகலமும் அரைப் பாகைதான் என்பதால், கீழே போய்விட்ட வட்டமும் சிறிது நேரம் மேலே இருப்பதாகத் தெரிகிறது.

இறுதியாக, எதிரணித் தலைவர் தொடாமலே விட்ட தெற்குக்கு வருகிறேன். 2024 டிசம்பரில் இக்கொள்கையினர் சிலரே அண்டார்க்டிக்காவின் யூனியன் பனியாற்றுப் பகுதிக்குச் சென்று, 24 மணி நேரமும் சூரியன் மறையாதிருப்பதை நேரில் கண்டார்கள். அங்கு நள்ளிரவில் சூரியன் தெற்கே நிற்கும். தட்டைப் பூமியிலோ தெற்கு என்பது பனிச்சுவருக்கு வெளியே. சூரியன் இருக்க வேண்டிய இடம் தட்டின் மறுபக்கம், 30,000 கிலோமீட்டருக்கும் அப்பால், நேர் வடக்கே. அங்கிருந்து வரும் ஒளி நடுவிலுள்ள வட துருவத்தைக் கடந்துதான் அவர்களை அடைய முடியும். ஆனால் அந்த டிசம்பர் முழுவதும் வட துருவம் இருளில் கிடக்கிறது. அந்த ஒளி எந்த வழியாக வந்தது என்பதை எதிரணித் தலைவர் அதே தட்டின்மேல் வரைந்து காட்டட்டும். நடுவர் அவர்கள் அதைப் பார்த்த பிறகு தீர்ப்பு வழங்கட்டும். நன்றி, வணக்கம்.