சத்திரக்காரி மகாராணி

(புனித எலேனா திருநாளான ஆகஸ்ட் 18 அன்று மாலை பங்குக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை தாங்கும் மறைமாவட்ட முதன்மைக் குரு அவர்களே, காலையில் இருந்து தம் கையாலேயே நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த எங்கள் பங்குத்தந்தை அவர்களே, அழைத்த மாத்திரத்தில் வேறு இரண்டு நிகழ்ச்சிகளைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, மரியாயின் சேனைச் சகோதரிகளே, பாடகர் குழுவினரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே (இந்த ஐயாவிடம் நான் இலக்கணம் படித்தவன், ஒற்றுப்பிழை விட்டால் இன்றும் அவர் புருவம் உயர்வதை இங்கிருந்தே பார்க்கிறேன்), அன்பார்ந்த தாய்மார்களே, பெரியோர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். ஊராட்சித் தலைவர் இடையில் புறப்பட வேண்டியிருக்கும் என்றார்கள். அவர் காதில் விழவேண்டிய செய்தி ஒன்று என்னிடம் இருப்பதால், அதைச் சொல்லி முடிக்கும்வரை அவர் எழுந்துவிடக் கூடாதென்று எல்லார் முன்னிலையிலும் உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் தாயான புனித எலேனாவைப் பற்றி மூன்று செய்திகள் சொல்வதாகப் பங்குத்தந்தையிடம் வாக்களித்திருக்கிறேன். முதலாவது அவருடைய வாழ்க்கை. இரண்டாவது அவர் எழுப்பிய ஆலயங்கள். மூன்றாவது, இயேசு அறையப்பட்ட திருச்சிலுவையைக் கண்டெடுத்தவர் அவர்தாமா என்று வரலாற்று அறிஞர்கள் நடத்திவரும் வழக்கு. மூன்றுக்கும் சேர்த்து எனக்குக் கொடுத்திருப்பது அரை மணி நேரம்.

‘நிழலின் அருமை வெயிலில் தெரியும்’ என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். நான் எந்த மேடை ஏறினாலும் இந்தப் பழமொழியோடுதான் ஏறுகிறேன் என்று என் வீட்டிலேயே கேலி உண்டு. ஆனால் இன்றைக்கு அதை விட்டால் எனக்கு வேறு வழியில்லை, ஏனென்றால் எலேனாவின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது.

அவர் அரச குலத்தில் பிறந்தவர் அல்லர். இன்றைய துருக்கியின் வடமேற்கில், பித்தினியா நாட்டுக் கடலோரத்தில், திரேப்பானம் என்ற சிற்றூரில் ஏறத்தாழ 250-ஆம் ஆண்டில் பிறந்தார் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. தந்தை பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. எலேனா செய்த தொழில் மட்டும் ஒரு சொல்லாக எஞ்சியிருக்கிறது. 395-ஆம் ஆண்டு மிலான் நகரில் பேரரசர் தெயோதோசியுவின் இறுதிச் சடங்கில் உரையாற்றிய ஆயர் புனித அம்புரோஸ், எலேனாவை ‘ஸ்தாபுலாரியா’ என்று குறிப்பிட்டார். வழிப்போக்கர் தங்கவும், அவர்களுடைய குதிரையையும் கழுதையையும் கட்டவும் இடம் கொடுக்கிற விடுதியில் வேலை செய்பவள் என்பது அதன் பொருள். நம் வழக்கில் சொன்னால் சத்திரக்காரி. அன்றைய ரோமில் அது மதிப்பான சொல் அன்று. விடுதிப் பெண் என்றால் கண்ணடித்துப் பேசுகிற உலகம் அது. அந்த ஏளனச் சொல்லை அம்புரோஸ் அரசவையினர் கூடியிருந்த சபையில் எடுத்து, தூசி தட்டி, ‘நல்ல சத்திரக்காரி’ என்று மாலையாகச் சூட்டினார். ஆண்டவர் பிறந்த தீவனத் தொட்டியை அவ்வளவு அக்கறையாய்த் தேடிப்போனவள் அல்லவா, அதனால் நல்ல சத்திரக்காரி என்றார். கள்வர் கையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கவனித்துக்கொண்ட, நற்செய்தி உவமையில் வரும் சத்திரக்காரரையும் அதே மூச்சில் நினைவுபடுத்தினார்.

கொன்ஸ்தான்சியு என்ற படைத் தலைவர் இந்தப் பெண்ணைத் துணையாக ஏற்றார். இன்றைய செர்பியாவில் உள்ள நாயிசுஸ் நகரில், 272 அளவில், அவர்களுடைய மகன் கான்ஸ்டன்டைன் பிறந்தார். பிறகு கணவருக்கு உயர்வு வந்தது. 293-இல் அவர் துணைப் பேரரசராக உயர்த்தப்பட்டார். அந்த உயர்வை ஒட்டி, மூத்த பேரரசர் மாக்சிமியனின் மகள் முறையான தெயோதோராவோடு அவருக்குத் திருமணம் நடந்தது. எலேனா விலக்கிவைக்கப்பட்டார். அதன்பின் 306-இல் பிரிட்டனின் யார்க் நகரில் படைவீரர்கள் கான்ஸ்டன்டைனைப் பேரரசராக முழங்கும்வரை, அந்தத் தாய் எங்கே இருந்தார், என்ன உண்டார், யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார் என்று ஒரு வரியும் இல்லை. அரசு ஆவணம் வெயிலில் நிற்பவர்களைக் குறித்துக்கொள்வதில்லை.

மகன் குறித்துக்கொண்டார். 324 வாக்கில் தாய்க்கு ‘அவுகுஸ்தா’ என்ற பேரரசிப் பட்டம் சூட்டி, அவர் முகம் பதித்த நாணயம் வெளியிட்டார். திரேப்பானத்துக்கு எலேனோபோலிஸ் என்று பெயர் மாற்றினார். அதே மகன் 326-இல் தன் மூத்த பிள்ளை கிறிஸ்புவையும், பிறகு மனைவி பவுஸ்தாவையும் சாகடித்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்; பேரனை இழந்த துயரத்தோடுதான் அந்த மூதாட்டி கிழக்கே புறப்பட்டார். வயது எழுபதைத் தாண்டி எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதி வேண்டும். மூத்தவர்கள் சிலர் முன்பே கேட்டிருப்பீர்கள். இன்னொரு முறை கேட்பதால் குறைந்துவிடாது.

எனக்கு இருபத்திரண்டு வயது. நண்பர்கள் ஐந்து பேர் காவித் துண்டு போட்டுக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தோம். நீடாமங்கலம் தாண்டிக் கொரடாச்சேரிப் பக்கம் போகிறபோது இருட்டிவிட்டது, கூடவே மழை. சாரல் இல்லை; மேலேயிருந்து குடத்தால் கவிழ்த்தது போன்ற மழை. வழியில் விளக்கெல்லாம் போட்ட பெரிய கட்டடம் ஒன்று தெரிந்தது. பெயர் சொல்ல மாட்டேன். காவலாளியிடம் வராந்தாவில் ஒதுங்கிக்கொள்கிறோம் என்றோம். அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, தரை வீணாகிவிடும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. சம்பளம் வாங்குகிறவர் சொன்னதைச் செய்தார்.

அரைக் கல் தூரத்தில் கீற்றுக் கொட்டகையில் ஒரு டீக்கடை. அடுப்பை அணைத்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா எங்களைப் பார்த்தார். "மழையில எதுக்கு நிக்கிறீங்க தம்பி, உள்ள வாங்க. மாடு ஒண்ணும் செய்யாது" என்றார். மாடா என்று பார்த்தால், கடைக்குப் பின்புறம் மாட்டுக் கொட்டகை. கடையில் ஐந்து பேர் படுக்க இடமில்லை. வைக்கோலை உதறிப் போட்டு, அதன்மேல் சாக்கு விரித்து, அணைத்த அடுப்பை மறுபடி மூட்டிச் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். பித்தளைக் குவளையின் விளிம்பு நெளிந்திருந்ததும், சுக்கின் காரத்தில் கண்ணில் நீர் வந்ததும், அது சுக்கால் மட்டும் வந்ததா என்று எனக்கே தெரியாமல் இருந்ததும் இன்றும் நினைவிருக்கின்றன. எங்களில் ஒருவன் படுத்தவுடன் குறட்டை விட்டான்; இன்று அவன் வெளியூரில் மதிப்பான உத்தியோகத்தில் இருந்து ஓய்வுபெற்றவன், அதனால் பெயர் வேண்டாம். அந்தக் குறட்டைக்கு மாடு பதில் சொன்னது. இவன் விட, அது கத்த, விடியும்வரை கச்சேரி. காலையில் எழுந்து பார்த்தால் அவன் தலைமாட்டில் மடித்து வைத்த காவித் துண்டில் பாதியைக் காணோம். மாடு தின்றிருந்தது. அவன் மிச்சப் பாதியைத் தோளில் போட்டுக்கொண்டு வேளாங்கண்ணி வரை வந்தான். பார்த்தவர்கள் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக் கும்பிட்டார்கள்.

கிளம்பும்போது காசு நீட்டினோம். அந்த அம்மா வாங்கவில்லை. நெற்றியில் திருநீறு பூசிய அம்மா அவர். "மாதாவுக்கு எம்பேருல ஒரு மெழுகுவத்தி ஏத்துங்க, போதும்" என்றார். சரி என்று நடந்தோம். ஆலயத்தில் மெழுகுவர்த்தியைக் கையில் வாங்கிய பிறகுதான், ஐந்து மடையர்களில் ஒருவன்கூட அவர் பெயரைக் கேட்கவில்லை என்பது உறைத்தது. டீக்கடை அம்மாவுக்காக என்று சொல்லித்தான் ஏற்றினேன்.

பல ஆண்டுகள் கழித்து அம்புரோஸ் உரையில் ‘ஸ்தாபுலாரியா’ என்ற சொல்லைப் படித்தபோது, எனக்கு ரோமாபுரி நினைவுக்கு வரவில்லை, கொரடாச்சேரிச் சாலைதான் நினைவுக்கு வந்தது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்றால், கூரையின் அருமை மழையில் தெரிந்தது எனக்கு.

மகாராணி எருசலேமுக்குப் போய் என்ன செய்தார் என்று பார்ப்போம். அவர் காலத்திலேயே வாழ்ந்த செசரியா ஆயர் யூசேபியு எழுதிவைத்திருக்கிறார். பெத்லகேம் குகைமேல் ஓர் ஆலயம், ஒலிவ மலைமேல் ஓர் ஆலயம் என இரண்டை எலேனாவின் பெயரோடு அவர் சேர்த்துச் சொல்கிறார். பெத்லகேமில் இன்று நிற்பது ஆறாம் நூற்றாண்டில் மறுபடி கட்டியது என்றாலும், அதன் தரையில் பதித்த மரக் கதவுப் பலகையைத் தூக்கினால் அடியில் பழைய ஆலயத்தின் வண்ணக்கல் தளம் தெரிகிறது. ஆலயங்களுக்குச் சமமாக யூசேபியு எழுதியிருப்பது வேறொன்று: இல்லாதவர்களுக்குப் பணமும் துணியும் கொடுத்தார், சிறையில் கிடந்தவர்களையும் சுரங்கத்தில் அடிமை வேலை செய்தவர்களையும் விடுவித்தார், நாடு கடத்தப்பட்டவர்களை ஊர் திரும்ப வைத்தார். பின்னால் வந்த திருச்சபை வரலாற்றாசிரியர் ருஃபினு இன்னும் நெருக்கமான ஒரு காட்சியைத் தருகிறார். எருசலேமில் கன்னியராக வாழ்ந்த பெண்களை எலேனா விருந்துக்கு அழைத்தார். பணிப்பெண் உடை உடுத்தி, அவர்கள் கைகழுவத் தம் கையாலேயே தண்ணீர் ஊற்றி, உணவு பரிமாறி, கிண்ணத்தை நீட்டினார். பழைய வேலை கையை விட்டுப் போகவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இது அறிஞர் கருத்து அன்று, என் கருத்து.

எலேனா சென்று வந்த சில ஆண்டுகளில், 333-இல், இன்றைய பிரான்சின் போர்தோ நகரத்திலிருந்து ஒரு திருப்பயணி எருசலேமுக்குப் போனார். அவர் விட்டுச்சென்ற வழிக்குறிப்பின் பெரும்பகுதியில் ஆலயமும் இல்லை, உருக்கமான மன்றாட்டும் இல்லை. குதிரை மாற்றும் இடம் இத்தனை தொலைவு, இரவு தங்குமிடம் இத்தனை தொலைவு என்ற பட்டியல்தான். நடந்தவர்களுக்கு அதன் பொருள் புரியும். 1502-இல் போர்த்துக்கீசியர் அட்லாண்டிக் கடல் நடுவில் கண்ட தீவுக்குப் புனித எலேனாவின் பெயரை வைத்தார்கள். நம் மலபார்க் கரையிலிருந்து திரும்பிய கப்பல்கள் குடிதண்ணீர் எடுத்த இடம் அது. நம் பக்கத்திலும் இரண்டாம் சரபோஜி மன்னர் தம் அன்புக்குரிய முத்தாம்பாளின் பெயரால் ஒரத்தநாட்டில் சத்திரம் எழுப்பினார். இராமேசுவரம் போகும் வழிநெடுக இருந்த தஞ்சை மராட்டியச் சத்திரங்களில் சாதி மத வேறுபாடின்றிச் சோறு போட்டார்கள், நள்ளிரவில் மணியடித்து இன்னும் சாப்பிடாதவர் உண்டா என்று கூப்பிட்டார்கள். அரசியர் பெயருக்கும் சத்திரத்துக்கும் இந்த மண்ணில் பழைய உறவு உண்டு.

ஊராட்சித் தலைவர் அவர்களே, இனி உங்களுக்கு. வருகிற 29-ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடி ஏறும். செப்டம்பர் 8 வரை நம் ஊர் வழியாக இரவும் பகலும் மக்கள் நடப்பார்கள். அவர்களுக்கு நாம் வைத்திருப்பது என்ன? வருக வருக என்று ஆறு பதாகைகள். அவற்றில் திருப்பயணியின் படம் சிறியது, நம் படங்கள் பெரியவை. என் படமும் ஒன்றில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நடந்து வருகிற பெண் ஒதுங்குவதற்கு ஒரு கழிப்பறை நம் எல்லையில் இல்லை. சென்ற ஆண்டு கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய், விடியுமுன் புதர் தேடிப் போன இடத்தில் முள் தைத்துக் காலில் இரத்தத்தோடு நம் கோயில் படியில் உட்கார்ந்திருந்தார். சாலையோரப் புளியமரங்களும் போய்விட்டன. நிழலின் அருமை வெயிலில் தெரியும், ஐயா. அந்த மரத்தடியில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இன்று நன்றாகத் தெரிகிறது.

பங்கு மண்டபத்தின் பின்புறம் நான்கு கழிப்பறைகள், அவற்றுள் இரண்டு பெண்களுக்கு. தண்ணீர் இணைப்பை ஊராட்சி தரவேண்டும். மண்டபத்தை அந்தப் பதினோரு நாளும் வாடகைக்கு விடாமல் திறந்து வைக்கவேண்டும். பங்குப் பேரவையில் இதை மூன்று முறை எழுப்பியிருக்கிறேன், மூன்று முறையும் ‘தரை வீணாகிவிடும்’ என்ற பதில் கிடைத்தது. அந்தச் சொற்களை நான் முதலில் எங்கே கேட்டேன் என்பதை இப்போது நீங்கள் அறிவீர்கள்.

மூன்றாவது செய்திக்கு நேரமில்லை என்று பங்குத்தந்தை கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். திருச்சிலுவையைப் பற்றி யூசேபியு எலேனாவின் பயணக் கதையில் ஒன்றும் சொல்லவில்லை, அம்புரோஸ் உரையில் அது முழுக் கதையாக இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மணப்பாட்டில் செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருநாளுக்குப் போகிறவர்கள் அதைப் பற்றிப் பேருந்தில் பேசிக்கொண்டு போகலாம். இன்னும் ஒரே ஒரு படம்: வத்திக்கான் அருங்காட்சியகத்தில் எலேனாவின் கல்லறைப் பேழை இருக்கிறது. கருஞ்சிவப்பு எகிப்தியக் கல். தாய்க்காகச் செய்ததாகத் தெரியவில்லை, அரசனுக்காகச் செதுக்கியதாக இருக்கலாம். பக்கமெல்லாம் குதிரை வீரர்கள். லாயத்து வேலையில் தொடங்கியவர் கடைசியிலும் குதிரைகளுக்கு நடுவில்தான் கிடத்தப்பட்டார்.

மண்டபத்தில் இரவு முறை பார்க்க முன்வருவோர் பெயர் எழுத ஒரு நோட்டு, கோயில்பிள்ளையிடம் மணிக்கூண்டுக் கதவருகே இருக்கிறது. முதல் பெயர் என்னுடையது. இரண்டாவதாக, என்னிடம் கேட்காமலே, தலைமையாசிரியர் ஐயா எழுதியிருக்கிறார். கஞ்சிக்கு அரிசி தருகிறவர்கள் 27-ஆம் தேதிக்குள் சேர்ப்பித்துவிடுங்கள். இரவு பத்து மணிக்கு ஒரு முறை, பன்னிரண்டுக்கு ஒரு முறை மணி அடிக்கலாமா என்று முதன்மைக் குரு அவர்களிடம் இந்த மேடையிலேயே அனுமதி கேட்கிறேன். அவர் தலையசைக்கிறார். நன்றி, வணக்கம்.