கடைசி வரியில் கிடந்த கணக்கு

அனைவருக்கும் வணக்கம். கூட்டத்தில் பேசும்போது ஸ்லைடு எப்படிப் போட வேண்டும் என்று பார்ப்போம். ஒரு விபத்திலிருந்து தொடங்குகிறேன்.

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் கிளம்பி 82 விநாடி ஆகியிருந்தது. எரிபொருள் தொட்டியின் மேல் வெப்பக் காப்பாகப் பூசிய இறுகிய நுரையிலிருந்து பெயர்ந்த துண்டு ஒன்று அதன் இடது இறக்கையில் மோதியது. உள்ளே கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர். அவர்கள் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே போயிங் பொறியாளர்கள் சேதத்தை ஆராய்ந்து, நாசா மேலாளர்களுக்கு பவர்பாயின்ட் போட்டுக் காட்டினார்கள்.

அதில் ஒரு ஸ்லைடை மட்டும் எடுத்துக்கொள்வோம். தலைப்பு, ‘சோதனைத் தரவைப் பார்த்தால் பெரிய கவலையில்லை’ என்ற தொனியில் இருந்தது. கீழே புள்ளி வைத்த வரிகள், அதற்குள் சின்னப் புள்ளி, அதற்குள் இன்னும் சின்னது. தட்டுத்தடுமாறிக் கடைசி வரிக்கு வந்தால் இரண்டு எண்கள்: நுரையின் அளவு 1,920 கன அங்குலம், நுரையை மோதவிட்டுப் பார்த்த பழைய சோதனையில் பயன்பட்டது 3 கன அங்குலம். 640 மடங்கு வித்தியாசம்! தலைப்பு கொடுத்த ஆறுதலைக் கடைசி வரி அடித்து நொறுக்குகிறது. ஆனால் அது கண்ணில் படுவதற்குள் கூட்டம் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடும்.

பிப்ரவரி 1 அன்று விண்கலம் திரும்பும்போது சிதறியது. விசாரணைக் குழு தன் அறிக்கையில் இந்த ஸ்லைடைத் தனியாக எடுத்துப் பேசியது. இது உயிருக்கே ஆபத்தான விஷயம் என்பது புரியாமலே ஒரு மூத்த அதிகாரி இதைப் படித்துவிட்டுப் போயிருக்க முடியும் என்று எழுதியது. ஸ்லைடு நன்றாக இருந்திருந்தால் ஏழு பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. தலைப்பில் ‘இந்த அளவுத் துண்டுக்குச் சோதனையே செய்யப்படவில்லை’ என்று இருந்திருந்தால், அங்கே நடந்த பேச்சு வேறாக இருந்திருக்கும். அவ்வளவுதான்.

ஆகவே முதல் வேலை, கணினியைத் திறப்பதல்ல. ஒரு தாளில் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: ‘நான் பேசி முடித்ததும் இவர்கள் என்ன செய்ய வேண்டும்?’ பதில் வராவிட்டால் ஸ்லைடு போடாதீர்கள். வந்த பதிலுக்குத் தேவையானது எதுவோ, அதுதான் தலைப்புகள். ‘அறிமுகம்’, ‘நோக்கம்’, ‘விவரங்கள்’ எல்லாம் தலைப்பே அல்ல.

சொட்டுநீர்ப் பாசனம் பற்றி விவசாயிகள் கூட்டத்தில் பேசுகிறீர்கள் என்று வையுங்கள். வழக்கமாக முதல் மூன்று ஸ்லைடு திட்டத்தின் முழுப்பெயர், தொடங்கிய ஆண்டு, துறையின் சாதனை. எதிரே இருப்பவர் மனதில் ஓடுவது வேறு: கையிலிருந்து எவ்வளவு போடணும்? எலி குழாயைக் கடிச்சா யார் பார்ப்பா? உப்புத் தண்ணியில அடைச்சுக்காதா? தமிழ்நாட்டில் ஐந்து ஏக்கருக்குள் வைத்திருக்கும் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம். இதுதான் முதல் ஸ்லைடு. சிட்டா, அடங்கல் என்ற நிலப் பதிவுகள், சிறு குறு விவசாயி சான்று என்று கொண்டுவர வேண்டியவை இரண்டாவது. மூன்றாவதற்கு ஸ்லைடே வேண்டாம். அடைத்துப்போன குழாய்த் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து வரிசை வரிசையாக அனுப்புங்கள். அதே விஷயத்தை வங்கி மேலாளர்களிடம் பேசினால் மூன்றும் மாறிவிடும்.

இப்போது எழுத்தளவு. தமிழில் எழுதும்போது ஆங்கிலத்துக்கு வைத்த அளவை அப்படியே வைத்தால் கெட்டோம். எழுத்து சிறிதானால் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. தடித்த எழுத்தாக்கினால் ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொண்டு ‘ன’ மாதிரித் தெரியும். ‘கி’, ‘சு’ என்று எழுத்துக்கு மேலேயும் கீழேயும் குறிகள் நீள்வதால் வரி இடைவெளியும் கொஞ்சம் கூட வேண்டும். பொதுவாக மண்டபத்தின் கடைசி வரிசை, திரை அகலத்தைப் போல ஆறு மடங்கு தூரத்தில் இருக்கும் என்று கணக்கு வையுங்கள். பதினைந்து அங்குல லேப்டாப்பின் அகலம் ஓர் அடிக்குச் சற்று அதிகம். எனவே ஸ்லைடை முழுத்திரையில் வைத்து ஏழு அடி தள்ளி நின்று படியுங்கள். கண்ணைச் சுருக்கினால் வரிகளைக் குறையுங்கள்.

எழுத்துரு இன்னொரு தலைவலி. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை, அது இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் குழம்பி நிற்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடில் அடியுங்கள், பிடிஎஃப் பிரதி ஒன்றும் பென்டிரைவில் இருக்கட்டும். மண்டபத்தில் பழைய புரொஜெக்டர் என்றால் விஜிஏ கேபிள்தான் இருக்கும். உங்கள் லேப்டாப்பில் அந்தத் துளையே இருக்காது. இரண்டையும் இணைக்கும் மாற்றியை (அடாப்டர்) நீங்களே கொண்டுபோங்கள். வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, சன்னல் வெளிச்சத்தில் கரைந்துபோகும்.

இருபது நிமிடம் கொடுத்தால் பதினைந்துக்குத் தயார் செய்யுங்கள். வரவேற்புரையும் பொன்னாடையும் மீதியைச் சாப்பிட்டுவிடும்! மக்கள் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டிய இடத்தில் ‘B’ விசையை அழுத்துங்கள், பவர்பாயின்ட் திரை கறுப்பாகிவிடும். மறுபடி அழுத்தினால் திரும்ப வரும். விட்ட ஸ்லைடுக்குப் போக அதன் எண்ணைத் தட்டி என்டர் கொடுத்தால் போதும். பத்து ஸ்லைடைப் பின்னோக்கி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை.

கேள்வி நேரத்தில், கேட்டவரிடம் மைக் இருக்காது. கேள்வியை மைக்கில் ஒருமுறை நீங்களே சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பின்வரிசை தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிடும். அந்த நேரம் முழுக்கத் திரையில் ரோஜாப்பூவோடு ‘நன்றி’ என்று நிற்பதைப் பல இடங்களில் பார்க்கிறோம். ஒரு கூட்டத்தில் அதிக நேரம் கண்முன் நிற்கும் ஸ்லைடு அதுதான். அங்கே மானியத் தொகையையும், கொண்டுவர வேண்டிய ஆவணங்களையும், எந்த அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது என்பதையும் போடுங்கள். நன்றியை வாயால் சொல்லிக்கொள்ளலாம்.