ஆறாம் வகுப்பில் திணறும் பிள்ளைக்குப் பள்ளி என்ன மாற வேண்டும்? – தாராவியில் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரை

பெரியோர்களே, ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

ஐந்தாம் வகுப்புவரை பெரும்பாலும் ஒரே டீச்சர். அவருக்குப் பிள்ளையின் முகம் பார்த்தாலே தெரியும். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஒருவர் வருகிறார், போகிறார். படிப்பிலும் மனசிலும் சிரமம் உள்ள பிள்ளை விழுவது இங்கேதான். ஆறு முதல் எட்டு வரையிலான அந்த மூன்று வருஷத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

மும்பையில் நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ். பள்ளியில் ஆங்கிலம், இந்தி, மராத்தி. தமிழில் ‘க’ ஒன்றுதான். இந்தியும் மராத்தியும் எழுதும் தேவநாகரியில் அந்த ஒரு வரிசையிலேயே நான்கு எழுத்து. டிக்டேஷனில் அவற்றை மாற்றிப் போடுகிற பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு என்று அவசரப்பட்டு முத்திரை குத்தாதீர்கள். முதலில் கண், காது பரிசோதனை. அடுத்து, எழுத்தை ஒதுக்கிவிட்டுத் தமிழிலேயே வாயால் கேளுங்கள். ‘தாமரை’யில் ‘தா’வை எடுத்தால் மிச்சம் என்ன? ‘கடலை’யில் நடு எழுத்தை எடுத்தால்? இப்படிப் பத்துச் சொல். இதைச் சரியாகச் சொல்லிவிட்டு மராத்தி எழுத்தில் மட்டும் தவறினால், முதலில் மொழிப் பயிற்சி கொடுத்துப் பாருங்கள். பதினொரு வயதில் தாய்மொழியிலேயே தடுமாறினால் முறையான பரிசோதனைக்கு அனுப்பத் தாமதிக்க வேண்டாம். இந்தப் பத்துச் சொல்லை வைத்துக் குறைபாட்டைத் தீர்மானிக்க முடியாது. அடுத்து எங்கே போவது என்பதை மட்டும் அது காட்டும்.

இனி, வகுப்பில் கத்துகிற, பெஞ்சைத் தள்ளுகிற பிள்ளை. ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: நேரம், அதற்குச் சற்று முன் நடந்தது, பிள்ளை செய்தது, பிறகு நாம் செய்தது. இரண்டு வாரம் எழுதினால் பல நேரம் ஒரே மாதிரி தெரியவரும். சத்தமாக வாசிக்கத் தன் முறை நெருங்கும்போது கலாட்டா. உடனே வெளியே அனுப்புகிறோம். வாசிப்பதிலிருந்து பிள்ளை தப்பித்துவிடுகிறது. நாம் கொடுக்கும் தண்டனைதான் அந்தக் கலாட்டாவை வளர்க்கிறது. ஆகவே சொல்லாமல் கொள்ளாமல் எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். நாளை வாசிக்க வேண்டிய ஐந்து வரியை இன்றே குறித்துக் கொடுங்கள். முதலில் டீச்சரிடம் தனியாக வாசிக்கட்டும்.

மனசு அடங்க ஓர் இடம் வேண்டும். தனி அறை தேவையில்லை, பெரியவர் ஒருவரின் பார்வையில் இருக்கும் ஒரு பெஞ்சு போதும். ஐந்து முதல் ஏழு நிமிடம். திரும்பி வந்ததும் விட்ட அதே வேலை, அளவில் மட்டும் சிறியதாக. வேறு வேலை கொடுத்தால் அதுவும் தப்பிக்கும் வழியாகிவிடும். ‘போய் அங்கே உட்காரு’ என்று கோபமாகச் சொல்லிவிட்டால், அந்த பெஞ்சு அன்றோடு தண்டனை பெஞ்சுதான். பிறகு எந்தப் பிள்ளையும் தானாகப் போகாது.

ஆனால் நன்றாக இருந்த பிள்ளை திடீரென ஒடுங்கினாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ நோட்டெழுதிக் காத்திருக்கக் கூடாது. பிள்ளையைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-இல் தமிழிலும் பேசலாம்.

பாடத்தைப் பொறுத்தவரை, மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுப்பது பெரிய தவறு. பிள்ளை கூனிக் குறுகிப் போகும். அதே பாடம்தான், அளவைக் குறையுங்கள். ஒரே மாதிரிப் பத்துக் கணக்குக்குப் பதில் நான்கு, கடைசிக் கணக்கு கடினமானதாகவே இருக்கட்டும். போர்டைப் பார்த்து எழுதும் வேலையை நிறுத்தி நகல் தாள் கொடுங்கள். பார்த்து எழுதுவதற்கே முழு சக்தியும் போய்விடுகிறது. அறிவியல் விடையில் அறிவியலுக்குத்தான் மதிப்பெண், எழுத்துப் பிழைக்கு வெட்டு வேண்டாம். எழுதுவதில் சிரமமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்குத் தேர்வில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். வகுப்புத் தேர்விலேயே அதைப் பழக்கிவிடலாம்.

இவற்றில் அந்தப் பிள்ளைக்கு வேண்டியதை ஒரே பக்கத்தில் எழுதி எல்லாப் பாட ஆசிரியர்களிடமும் கொடுங்கள். செய்ய வேண்டியவை மூன்றுக்கு மேல் போகக் கூடாது; ஏழெட்டு எழுதினால் யாரும் படிப்பதில்லை. ஒரு தாள் வருகைப் பதிவேட்டிலேயே இருக்கட்டும். ஏற்பாடு உடைவது பெரும்பாலும் டீச்சர் லீவு போட்டு, பதிலுக்கு வேறொருவர் வரும் நாளில்.

பெற்றோரே, ‘ரெண்டு அடி போடுங்க டீச்சர்’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவு அடியையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்திருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. இந்தப் பிள்ளைகளுக்குத் தேர்வுச் சலுகையை மகாராஷ்டிரம் 1996-லேயே தந்துவிட்டது. ஆனால் சான்றிதழ் இல்லாமல் கிடைக்காது. அதற்கான பரிசோதனைக்குப் பக்கத்திலேயே சயான் மருத்துவமனை இருக்கிறது. பத்தாம் வகுப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் ஏழு, எட்டிலேயே தொடங்குங்கள். பரிசோதனை ஒரே நாளில் முடியாது. போகும்போது பள்ளிக் கடிதம், பழைய மதிப்பெண் அட்டைகள், கண், காது பரிசோதனைத் தாள்கள் கையில் இருக்கட்டும். டியூஷனில் திருத்தி எழுதிய அழகான நோட்டு வேண்டாம். பிள்ளை தானே எழுதிய, பிழை நிறைந்த நோட்டைக் கொண்டு போங்கள்.