டக்... டக்... டக்டக்டக்

வணக்கம். முதலில் ஒரு சத்தம் கேளுங்கள். இந்த மேசையில் ஒரு பிங்பாங் பந்தைக் குதிக்கவிட்டு, அதன் மேல் மட்டையைப் படுக்கையாகப் பிடித்து மெல்லக் கீழே இறக்குகிறேன். டக்... டக்... டக்டக்டக்! நான் ஓங்கி அடிக்கவே இல்லை. மட்டை எதிரே வர வர, ஒவ்வொரு மோதலிலும் பந்துக்குக் கொஞ்சம் வேகம் ஏறுகிறது. விடுதியில் ராத்திரி இதைச் செய்து வார்டனிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அவருக்கு அது சத்தம், எனக்கு அது காஸ்மிக் கதிர்.

கதிர் என்று பேர்தான். அவை புரோட்டான், எலக்ட்ரான் போன்ற துகள்கள். விண்வெளியில் நகரும் காந்த மேகங்களில் பட்டுத் திரும்பித்தான் அவை வேகம் பிடிக்கின்றன என்று 1949-ல் என்ரிகோ ஃபெர்மி சொன்னார். ஆனால் மேகம் விலகிப் போகும்போது பட்டால் நஷ்டம். 1977, 78-ல் சிலர் தனித்தனியாக ஒன்றைக் கண்டார்கள்: ஒலியை மிஞ்சிய வேகத்தில் வாயுவை நெருக்கிக்கொண்டு பாயும் அதிர்ச்சி அலையில் அந்த நஷ்டம் இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து தாண்டினாலும் அடுத்த பக்கத்து வாயு எதிரேதான் வரும். இரண்டு பக்கமும் மட்டை!

இரண்டு கேலக்ஸிக் கூட்டங்கள் மோதினால் இந்த அலை எழும். அங்கே வாயு கோடிக்கணக்கான டிகிரி சூடு. ஆனால் ஓரங்களில், மாடியில் வைக்கிற ஆயிரம் லிட்டர் தொட்டி அளவு இடத்தில் சில நூறு துகள்கள்தான் இருக்கும். ஒன்றை ஒன்று இடிக்கவே இடிக்காது. திருப்பி அனுப்புவது காந்தப்புலம். திரும்பத் திரும்ப, கொஞ்சம் கொஞ்சமாக; டக், டக்.

அப்படி வேகமெடுத்த எலக்ட்ரான்கள் ரேடியோ அலை வீசும். 2010-ல் அறிவித்த 'சாசேஜ்' என்ற ரேடியோ வளைவு 60 லட்சம் ஒளியாண்டு நீளம்! நம் பால்வழியை அறுபது தடவை வரிசையாக வைக்கலாம். அதைப் பார்த்த தொலைநோக்கிகளில் புனேக்கு வடக்கே உள்ள ஜிஎம்ஆர்டியும் ஒன்று. 45 மீட்டர் அகலத்தில் 30 கிண்ணங்கள், கரும்பும் திராட்சையும் விளைகிற பூமியில்.

சரி, ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வேகமாகச் சொல்கிறேன். இந்த அதிர்ச்சி அலைகள் பலவீனமானவை, அங்குள்ள ஒலி வேகத்தைப் போல இரண்டு, மூன்று மடங்குதான். வெறும் எலக்ட்ரானைக் கிளப்ப இது போதாது. ஒரு கருந்துளை எப்போதோ பீய்ச்சியடித்த எலக்ட்ரான்களின் மிச்சம் அங்கே முன்பே கிடக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஏபெல் 3411 என்ற கேலக்ஸிக் கூட்டத்தில் 2017-ல் அதைக் கண்டார்கள். புரோட்டான்? அதுவும் வேகமெடுத்தால் காமா கதிர் வர வேண்டும். ஃபெர்மி பேரிலேயே ஒரு விண்கலம் தேடுகிறது, எதிர்பார்த்த அளவுக்குக் காமா கதிர் வரவில்லை. அந்தக் கதை... மணி ஆகிவிட்டது. வணக்கம்.