ஈஸ்ட் போடாத பீர்: பிரஸ்ஸல்ஸில் ஒரு குடும்ப ஆலை

(காட்சி: இரவு. ஓட்டுக் கூரைக்கு அடியில் அகலமான செப்புத் தொட்டி. ஆவி பறக்கிறது.)

பிரஸ்ஸல்ஸ் நகரின் மிடி ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஆண்டர்லெக்ட் பகுதி வந்துவிடும். அங்கே கிடங்கு போலத் தோன்றும் பழைய கட்டடம் ஒன்றின் பரணில்தான் இப்போது நிற்கிறோம். நீங்கள் பார்க்கும் தொட்டி முழங்கால் ஆழம்கூட இருக்காது. ஆனால் அதில் சுமார் 7,500 லிட்டர் தானியச் சாறு கொதிக்கக் கொதிக்க நிற்கிறது. மூடி கிடையாது. சுவரில் இருக்கும் காற்றுப் பலகைகளைத் திறந்துவைத்துவிட்டு, ஆலைக்காரர்கள் தூங்கப் போய்விடுகிறார்கள்.

வேறு பீர் ஆலையில் இப்படிச் செய்தவரை மறுநாள் வேலைக்கு வரச் சொல்ல மாட்டார்கள். அங்கெல்லாம் சாறு வெளிக்காற்றுப் படாமல் குளிர்ந்து, ஆய்வகத்தில் வளர்த்த ஈஸ்ட்டைத்தான் சந்திக்கும். இங்கே ஈஸ்ட் வாங்குவதே இல்லை. பரணின் காற்றிலும் மரத்திலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் தாமாகவே வந்து இறங்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

நமக்கு இது புதிதா என்ன? இட்லி மாவை அரைத்து, கரைத்து, மூடிவைத்துவிட்டுப் படுக்கிறோம். காலையில் பொங்கியிருக்கிறது. அதற்குள் யாரும் எதையும் போடவில்லை. கள் புளிப்பதும் இப்படித்தான். ஒரு வித்தியாசம் உண்டு: மாவு பொங்க நமக்கு வெயில் வேண்டும், இவர்களுக்குக் குளிர் வேண்டும். வெப்பமான இரவில் வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும். அதனால் ஏறக்குறைய அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான் அடுப்பு எரியும்.

(காட்சி: கீழ்த்தளம். வார்ப்பிரும்புத் தொட்டி, பெல்ட்டுகள், சக்கரங்கள்.)

இந்த வகை பீருக்கு லாம்பிக் என்று பெயர். ஆலையின் பெயர் காந்தியோன். எழுத்தில் காந்தி இருக்கிறாரே என்று கேட்காதீர்கள், அது குடும்பப் பெயர்.

தானியத்தில் ஏறக்குறைய 65 சதவீதம் முளைகட்டிய பார்லி, 35 சதவீதம் முளைகட்டாத கோதுமை. இரண்டையும் வெந்நீரில் ஊறவைத்து, படிப்படியாகச் சூடேற்றி, சாற்றை வடித்து, மூன்று நான்கு மணி நேரம் கொதிக்கவிடுகிறார்கள். அப்போது ஹாப்ஸ் பூக்கள் சேரும். அதிலும் ஒரு விசித்திரம்: மற்றவர்கள் புத்தம் புதிய ஹாப்ஸுக்கு அலையும்போது, இவர்கள் சுமார் மூன்று வருடம் கிடந்த பழசைத் தேடுகிறார்கள். கசப்பும் மணமும் போய்விடும், கெடாமல் காக்கும் குணம் மட்டும் மிஞ்சும். பழைய புளிக்கும் பழைய அரிசிக்கும் மரியாதை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விடிவதற்குள் சாறு 20 டிகிரிக்கு அருகில் இறங்கியிருக்கும். அப்படியே மரப் பீப்பாய்களுக்குப் போகிறது. சில நாட்களில் நுரை பொங்கிப் பீப்பாயின் வாய் வழியாக வழியும். அது அடங்கிய பிறகுதான் வாயை அடைப்பார்கள்.

(காட்சி: இருட்டான பீப்பாய் அறை. ஒட்டடை. அருகில் சென்றால் ஒரு சிலந்தி.)

இந்த ஒட்டடையை யாரும் அடிக்கக் கூடாது! கோடையில் இனிப்பு வாசனைக்கு வரும் பழ ஈக்களைத் தின்ன இந்தச் சிலந்திகள்தான் காவல்.

பீப்பாய்க்குள் நடப்பது ஒரு நீண்ட வரிசை. முதலில் வரும் பாக்டீரியாக்களின் ஆட்சி ஒரு மாதம்கூடத் தாங்காது. அடுத்து, ரொட்டிக்கும் சாதாரண பீருக்கும் பழக்கமான ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்கும். பிறகு லாக்டிக் அமிலம் சுரக்கும் பெடியோகாக்கஸ் என்ற பாக்டீரியா. தயிரைப் புளிக்க வைப்பதும் இதே அமிலம்தான். இந்தக் கட்டத்தில், பெரும்பாலும் கோடையில், பீர் எண்ணெய் போலக் கெட்டியாகி நூல் விடும். ஊசிப்போன சாம்பாரில் நாம் பார்க்கும் அதே நூல். நம் வீட்டில் அப்படியே சாக்கடையில் ஊற்றியிருப்போம். இவர்கள் தொடுவதில்லை. மாதங்கள் போக, பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் மெல்லத் தலையெடுத்து அந்த நூலை அறுத்துத் தெளியவைத்துவிடும். அதன் ஓர் இனத்துக்கு இந்த ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்: பிரெட்டனோமைசிஸ் புருக்ஸெல்லென்சிஸ்.

ஒரு வயது, இரண்டு வயது, மூன்று வயதுப் பீப்பாய்களைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் அது கூஸ். இளசில் மிச்சமிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள் மறுபடியும் நொதித்து வாயுவை உண்டாக்கும். எதை எதோடு எவ்வளவு கலப்பது என்பதற்கு வாய்ப்பாடு இல்லை. பீப்பாய்க்குப் பீப்பாய் ருசி மாறுவதால், நாக்கே அளவுகோல். லாம்பிக்கில் லிட்டருக்குச் சுமார் 200 கிராம் புளிப்புச் செர்ரியை ஊறவைத்தால் கிரீக்.

(காட்சி: பழைய குடும்பப் புகைப்படங்கள்.)

இனி வீட்டுக்காரர்கள். 1900-இல் போல் காந்தியோன் தன் மனைவியோடு இந்தத் தொழிலைத் தொடங்கினார். ஆரம்பத்தில் காய்ச்சவில்லை. மற்றவர்களிடம் லாம்பிக் வாங்கிக் கலந்து விற்றார். 1930-களின் பின்பாதியில் அவர் பிள்ளைகள் ரோபேரும் மார்செலும் தொழிலில் இருந்தபோதுதான் சொந்தமாகப் பீர் காய்ச்சத் தொடங்கினார்கள். மார்செலுக்குப் பிறகு ஆலை அவர் மருமகன் ஜான் பியேர் வான் ராய் கைக்குப் போனது.

மருமகனுக்கு வாய்த்த காலம் சரியில்லை. ஊர் நாக்கு கோலாவுக்குப் பழகிவிட்டது. லாம்பிக்கில் இனிப்பைக் கலந்தால்தான் விலைபோகும் என்ற நிலை. பிரஸ்ஸல்ஸில் இருந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. அவர் 1978-இல் தன் ஆலையையே அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிய அருங்காட்சியகம் அல்ல. பீர் காய்ச்சிக்கொண்டிருக்கும்போதே உள்ளே நடந்து பார்க்கலாம். என் கணக்கில் அந்தக் குடும்பம் எடுத்த மிகப் புத்திசாலித்தனமான முடிவு அதுதான். புளித்த பீர் ஏன் புளிக்கிறது என்று கண்ணால் கண்டவர்கள் அதற்குச் சர்க்கரை கேட்கவில்லை.

இப்போது பொறுப்பில் இருப்பவர் அவர் மகன் ஜான் வான் ராய். உலகமெங்கும் இதன் பாட்டில்களைத் தேடி அலைகிறார்கள், ஆனாலும் ஆலையை ஊதிப் பெருக்கவில்லை. அவர் கவலை வேறு. 2015 நவம்பரில் இரவுகள் குளிரவே மறுத்ததால் பீர் காய்ச்சுவதை நிறுத்திவைக்க நேர்ந்தது. பழைய நாட்களில் மாதக்கணக்கில் நீண்ட பருவம் இரு பக்கமும் சுருங்கிக்கொண்டு வருகிறது. தொட்டிக்குக் குளிர்சாதனம் வைத்துவிடலாமே என்றால், வைக்கலாம்தான். அப்போது அது லாம்பிக் அல்ல.

(காட்சி: வாசல் அருகே மரப் பீப்பாய் மேசைகள், சிறு கண்ணாடிக் குவளைகள்.)

சுற்றி முடித்தவர்களுக்கு ருசி பார்க்கக் கொடுக்கிறார்கள். முதலில் கலக்காத லாம்பிக். நுரையே இல்லை, எலுமிச்சைச் சாறு போல ஒரு வெட்டு. கெட்டுப்போனதைக் கொடுத்துவிட்டார்களோ என்ற சந்தேகம் வருவது இயல்பு. அடுத்து கூஸ். பாட்டிலை நிமிர்த்த மாட்டார்கள், படுத்த வாக்கில் பிரம்புக் கூடையில் வரும். கூடையோடு சாய்த்து மெல்ல ஊற்றுவார்கள், அடியில் படிந்த ஈஸ்ட் கலங்காதபடி.