செட்டியார் தெருவில் இரண்டு பஞ்சாங்கம் வாங்கினேன், தம்பியோடு பெரிய வாக்குவாதம்!

வணக்கம் மக்களே. ஃபேன் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வெயிலுக்கு வெள்ளவத்தையில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பேச முடியாது.

புதுவருசம் வருகிறது அல்லவா, அம்மாவுக்குப் பஞ்சாங்கம் வாங்கச் செட்டியார் தெருவுக்குப் போனேன். நான் புரட்டிப் பார்க்காமல் எதையும் வாங்கமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். அட்டையில் 400 ரூபாய் என்று ஒரு ஸ்டிக்கர். ஓரம் கொஞ்சம் கிளம்பியிருந்தது, நகத்தால் சுரண்டினேன். அடியில் அச்சடித்த விலை 320! கடைக்காரரிடம் காட்டினேன். "பேப்பர் விலை கூடிவிட்டது தங்கச்சி" என்றார். பேப்பர் விலை கூடினால் அடுத்த வருசப் புத்தகத்தில் கூட்டுங்கள், இது ஏற்கெனவே அச்சடித்த பேப்பர்தானே அண்ணா என்றேன். பின்னால் நின்ற ஐயா ஒருவரும் தன் கையில் இருந்ததைச் சுரண்டத் தொடங்கிவிட்டார். கடைசியில் 320க்கே தந்தார். ஸ்டிக்கர் ஒட்டி விலை கூட்டுவது எனக்கு அடியோடு பிடிக்காது. நீங்களும் சுரண்டிப் பாருங்கள்.

சொல்ல மறந்துவிட்டேன், வாங்கியது இரண்டு. ஒன்று வாக்கியம், பழைய மனப்பாடக் கணக்கு. மற்றது திருக்கணிதம், இன்றைய வானியல் கணக்கு. புத்தாண்டு பிறக்கும் நேரம் இரண்டிலும் வேறு வேறு. வருசா வருசம் இப்படித்தான், பத்திரிகையிலும் இரண்டு நேரத்தையும் போடுவார்கள். புத்தாண்டுக்குத் தலையில் வைக்கும் மூலிகை நீரான மருத்து நீர் எந்த நேரத்துக்கு வைப்பது என்று வீட்டில் கேள்வி வந்தது, அங்கேதான் தம்பி வாயைத் திறந்தான். அவன் டேட்டா வேலை செய்கிறவன், பழைய வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். "அக்கா, எது வானத்தோடு ஒத்துப்போகிறதோ அதை எடு. ஏன் என்ற கேள்வி வேண்டாம். அறிவியலும் அவ்வளவுதான், கணிப்பு சரியாக வந்தால் போதும்" என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. போதாது. ஏன் போதாது என்று சொல்லத்தான் இந்த வீடியோ.

முதலில் வாக்கியக் கணிதத்தைப் பற்றி. அதை யாரும் இளக்காரமாகப் பேசினால் நான் விடமாட்டேன். சந்திரன் பூமிக்குக் கிட்ட வந்து, தூரப் போய், மறுபடி கிட்ட வர ஏறக்குறைய 27.55 நாள். அப்படி 9 சுற்றுக்கு 248 நாள், அநேகமாக மிச்சமே இல்லை. அதனால் 248 வாக்கியங்கள். ஒவ்வொன்றிலும் எழுத்துகள் எண்களைக் குறிக்கும், அந்த எண்கள் அன்றைய சந்திரன் நிற்கும் இடத்தைச் சொல்லும். மனப்பாடம் செய்தால் ஆயுசுக்கும் போதும்.

ஜோன் வாரன் என்று ஒரு அதிகாரி, 1825இல் புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைச் சந்திக்கிறார். அவர் தரையில் சோழிகளை அடுக்கி, நினைவில் இருந்த அட்டவணைகளை வைத்தே அந்த வருசம் மே 31 இரவு வந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தாளும் இல்லை, பேனாவும் இல்லை. தொடங்கும் நேரத்தில் 4 நிமிடம்தான் பிழை! எனக்கு இதைச் சொல்லும்போதே புல்லரிக்கிறது. ஆனால் முடியும் நேரத்தில் 52 நிமிடம் பிழை. கணக்குக்குப் பின்னால் இருக்கும் கோட்பாடு அவருக்குத் தெரியவில்லை என்று வாரனே எழுதியிருக்கிறார். இங்கேதான் என் கேள்வி. அந்த 52 நிமிடம் எங்கிருந்து வந்தது? சோழிகளைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

2025 செப்டம்பர் 7 போயா, அதாவது பௌர்ணமி இரவில் காலிமுகத்திடலில் எடுத்த கிரகண வீடியோ ஞாபகம் இருக்கும். 11 மணி கடந்ததும் சந்திரன் முழுதாக நிழலுக்குள் போகும், 82 நிமிடம் இருக்கும் என்று முன்கூட்டியே சொன்னேன். அந்தத் துல்லியம், எது எதை இழுக்கிறது என்று தெரிந்த பிறகு வந்தது.

தம்பி விடுவானா? செயற்கை நுண்ணறிவு வானிலைக் கணிப்பை எடுத்துக்கொண்டு வந்தான். கிராஃப்காஸ்ட், 2023இல் வந்தது. பத்து நாள் வானிலையை ஒரு நிமிடத்துக்குள் சொல்கிறது, பல அளவுகளில் பழைய முறையை முந்துகிறது, காற்றுக்கும் வெப்பத்துக்குமான சமன்பாடு ஒன்றையும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை என்றான். உண்மைதான், எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அது எதைப் படித்து வளர்ந்தது? 1979 முதலான உலக வானிலைப் பதிவுகளை, ஐரோப்பிய வானிலை மையம் தொகுத்தவை. அளவிடாத இடங்களையும் நேரங்களையும் அந்தப் பதிவுகளில் நிரப்பியது எது? அதே சமன்பாடுகள்தான்! புரிந்துகொண்டவர்கள் போட்ட பாதையில் ஓடிவிட்டு, புரிதல் தேவையில்லை என்று சொன்னால் எப்படி?

அப்புறம் புதன் கோள். அது சூரியனுக்கு மிகக் கிட்ட வரும் புள்ளி மெல்ல நகர்கிறது. அதில் நூறு ஆண்டுக்கு 43 விநாடிப் பாகை மட்டும் கணக்கில் இடித்தது. ஒரு பாகையில் 3600 விநாடி, அவ்வளவு சின்ன அளவு. இப்படி இடிக்கிறது என்று 1859இல் சொன்னவர் பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே. ஆ, இவரைப் பற்றி முதலே சொல்லியிருக்க வேண்டும், 1846இல் நெப்டியூன் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவரும் இவரே. பெர்லினில் தேடிப் பார்த்தபோது ஒரு பாகைக்குள் அகப்பட்டது. அதே நம்பிக்கையில் புதனுக்கு உள்ளே வல்கன் என்று இன்னொரு கோள் இருக்கும் என்றார். அப்படி ஒன்று இல்லை.

"43ஐக் கூட்டிவிட்டால் முடிந்ததே" என்றான் தம்பி. கூட்டியிருக்கலாம், புதனின் கணிப்பும் சரியாகியிருக்கும். ஆனால் ஐன்ஸ்டைன் 1915இல் ஏன் என்று கேட்டு ஈர்ப்பையே புதிதாக எழுதினார். 43 தானாக வந்து விழுந்தது. அதோடு, ஈர்ப்பு குறைந்த இடத்தில் கடிகாரம் வேகமாக ஓடும் என்பதும் வந்தது. ஜி.பி.எஸ். செய்மதிக் கடிகாரம் தினமும் 38 மைக்ரோ விநாடி முந்தும், அதைத் திருத்தாவிட்டால் நீங்கள் கூப்பிட்ட ஓட்டோ கிலோமீட்டர் கணக்கில் தள்ளிப் போய் நிற்கும். புதனின் அட்டவணையில் ஒரு எண்ணைக் கூட்டினவனுக்கு இது எங்கே கிடைக்கும்?

எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமானது கடல். 2004 டிசம்பர் 26, அன்றைக்கும் போயா. சுமாத்திராவுக்கு அருகே 9.1 அளவில் நிலநடுக்கம், நம் கிழக்குக் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரமளவில் இருந்தது. ஆனால் ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. நிலநடுக்கம் எந்த நாளில் வரும் என்று இன்றைக்கும் யாராலும் சொல்ல முடியாது. கணிப்பு மட்டும்தான் அறிவியல் என்றால் இந்தத் துறையையே மூடிவிட வேண்டும். ஆனால் அலை எப்படிப் பிறக்கிறது, 4000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் எப்படி ஓடுகிறது என்று தெரியும். அந்தப் புரிதல் ஒன்றே அந்த இரண்டு மணி நேரத்தை உயிராக்கும்.

2012 ஏப்ரல் 11, அதே சுமாத்திராப் பக்கம், 8.6. கரையோரமெல்லாம் எச்சரிக்கை, சனம் கடலை விட்டு ஓடியது. பெரிய அலை வரவில்லை. உடனே "பொய் எச்சரிக்கை" என்று சிலர் பேசினார்கள், அந்தப் பேச்சை என்னால் பொறுக்க முடியாது. 2004இல் கடலடித் தரை மேலே எழும்பித் தண்ணீரைத் தூக்கியது. 2012இல் கடலடியில் பூமித் தட்டு பக்கவாட்டில் வழுக்கியது. அளவை மட்டும் பார்த்தால் இரண்டும் ராட்சத நடுக்கம். எது தண்ணீரைத் தூக்கும், எது தூக்காது என்பது, அடியில் என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

இதற்குத் தம்பி பதில் சொல்லவில்லை, ஃபோன் வந்தது என்று எழும்பிப் போய்விட்டான். 2012இல் அந்த எச்சரிக்கை வந்த அன்றைக்கு வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கரையோரம் இருந்தவர்கள், காலி வீதியைத் தாண்டி எந்த ஒழுங்கையால் மேலே போனீர்கள் என்று கீழே எழுதுங்கள். அந்த வழிகளை நடந்து பார்த்து அடுத்த வீடியோ போடப் போகிறேன்.